திருப்பி வைத்த முட்டைகள்

குழியைத் தோண்டியபோது இருந்தவர்கள்: வனத்துறை கிருஷ்ணசாமி சார், வைத்திக்குப்பம் பஞ்சாயத்துத் தலைவர் நாராயணசாமி, ஆமைக் குழுத் தலைவி ஜெயம் அக்கா, காவல்காரனான நான். அப்புறம் ஒரு காக்கை. நாற்றத்தை வைத்து அதற்குத்தான் முதலில் விஷயம் தெரிந்தது.

பங்குனி ஆமை கரையில் இடும் முட்டைகளை எடுத்துவந்து, வலை கட்டிய வேலிக்குள் புதைத்து, குஞ்சு வந்ததும் கடலில் விடுவது எங்கள் குப்பத்தின் பொறுப்பு. இந்தப் பருவம் குஞ்சு வராவிட்டால் முட்டைகளை வனத்துறையே கொண்டுபோய்விடும் என்று சார் சொல்லியிருந்தார். அந்தக் கவலையில்தான் செய்தேன்.

நான் கோழி வளர்ப்பவன். அடைக்கோழி முட்டையைப் புரட்டிப் புரட்டி வைக்கும். ஆமையோ போட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தாய் செய்யாததை யாராவது செய்யவேண்டுமே. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் குழியைத் தோண்டி, ஒவ்வொன்றாகப் புரட்டி, மணலை மூடித் தட்டிக் கொடுப்பேன்.

புரட்டினால் உள்ளே கரு செத்துவிடும் என்று பயிற்சி கொடுத்தவர் சொன்னது உண்மை. முன்வரிசையில் உட்கார்ந்து நானும் தலையாட்டினேன். ஆனால் அவர் கோழி வளர்த்தவரில்லை. கேட்டுப் பார்த்துவிட்டேன்.

முதல் குழி பொரிக்காதபோது வெயில் என்றார்கள். அடுத்ததற்கு நாய் என்றார்கள். நான் மறுக்கவில்லை. இன்னும் அக்கறையாகப் புரட்டத் தொடங்கினேன்.

ஜெயம் அக்கா யாருக்கும் சொல்லாமல், புதைக்கும்போதே முட்டைகளின் உச்சியில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறாள். தோண்டியபோது கோடெல்லாம் அடியில் கிடந்தது. வேலிச் சாவி என்னிடம் மட்டும்தான்.

“இன்னாடா கோபிநாத், நீ இன்னா கோழியா?” என்றாள்.

“அடைக்கு உக்காராதது ஒண்ணுதான் பாக்கி” என்றார் நாராயணசாமி.

“குழி சின்னதுங்க” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. வனத்துறை ஜீப் வரும்வரை என்னை வலை போட்டுவைக்கும் அறையில் உட்காரச் சொன்னார்கள். எனக்கு வருத்தமில்லை. உறுத்தியது ஒன்றுதான்.

“அக்கா, வேலியோரக் குழிய மட்டும் ஒரு தபாகூட திருப்பல. காய்ச்சல்ல படுத்துட்டேன். நீயாச்சும் போய்த் திருப்பிடு. இல்லன்னா ஒண்ணுகூடப் பொரிக்காது.”

அவள் என்னையே பார்த்தாள். அந்த வாரம் முழுக்க இல்லாத வெளிச்சம் அவள் முகத்தில் வந்தது.

“ஒண்ணாவது தப்பிச்சுதே” என்று சொல்லிக்கொண்டே வெளியே போய், கதவைச் சாத்திப் பூட்டினாள்.