திருப்பி வாங்கும் நேர்த்தி

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஒருவரும் அவ்வளவு உயரம் இல்லை. போன கிழமை, நாங்கள் குடியேறிய இந்த நாட்டில் ஊன்ட்றொப் என்ற ஊரில் இருக்கிற அம்மன் கோயிலுக்குப் போகிற வழியில், ரயிலில் முன்னால் இருந்த ஒரு தாய் தன் நெட்டையான மகளைக் காட்டித் தமக்கையிடம் சொன்னது காதில் விழுந்தது.

"அக்கா, இவள் இனி வளரக்கூடாது எண்டு அம்மனுக்கு நேர்த்தி வைச்சனான். அதைத் திருப்பி வாங்கத்தான் போறன்."

"உனக்கென்ன விசரே? ஏனடி அப்பிடி வைச்சனீ?"

"மாப்பிள்ளை கிடையாதெண்ட பயம்தான். இப்ப அமெரிக்கக் கல்லூரி ஒண்டில இருந்து கூடைப்பந்துப் பயிற்சியாளர் வந்து இவளின்ர விளையாட்டைப் பார்த்தவர். நல்லாப் பிடிச்சிட்டுதாம். இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் கட்டாயம் எடுப்பினமாம்."

"அம்மனெல்லோ குழம்பப்போறா!"

பக்கத்தில் மடியில் பந்தோடு இருந்த மகள் சிரித்தாள். "அம்மனைக் கரைச்சல்படுத்தாதேங்கோ அம்மா. வளராட்டில் நான் இன்னும் உயரப் பாய்வன்."

இறங்கும் இடம் வந்தது. மேல்தட்டில் இருந்த அர்ச்சனைப் பையை அவள் காலை உன்னாமலே எடுத்தாள். தாய் அண்ணாந்து பார்த்தாள். அந்த முகத்தில் மாப்பிள்ளைப் பயம் துளியும் இல்லை.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல எழுதினாய்தானே? அந்தப் பிள்ளை பாய்வன் என்று சொன்ன இடத்தை இன்னொருக்கால் சத்தமாக வாசி.