கண்கட்டி பிடித்த அம்மா

மனவசியத்தை என் கதைக்குள் கொண்டுவந்தது சோம்பேறித்தனத்தால்தான், மேடம். வாரப் பத்திரிகையில் ‘எஃகுச் சிறகன்’ என்ற படக்கதையை எழுதி வரைகிறவன் நான். பறந்து பறந்து ஊரைக் காப்பாற்றும் ஆள் அவன். ஒரு வாரம் அவசரத்தில் அவனே பாலத்தை உடைப்பதாக வரைந்து தொலைத்துவிட்டேன். அடுத்த வாரம் எப்படிச் சமாளிப்பது என்று முழித்து, கண்ணைப் பார்த்தே ஆளை ஆட்டிவைக்கும் வில்லன் ஒருவனை உண்டாக்கிப் பழியை அவன் தலையில் கட்டினேன். பெயர் கண்கட்டி. இமையில் வரும் கொப்புளத்துக்கெல்லாம் வில்லன் வேஷமா என்று ஆசிரியர் கிண்டலடித்தார். வாசகர்களுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

இந்த உத்தி ரொம்ப சௌகரியமானது. நல்லவன் என்ன அக்கிரமம் செய்தாலும் கெட்ட பெயர் வராது. தலையில் பலமாக ஓர் அடி விழுந்தால் வசியம் தெளிந்துவிடும். எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், கதை முடிந்துவிடும்.

என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். குழந்தைகளுக்கு வலிக்காமல் ஊசி குத்தி ரத்தம் எடுப்பதில் கெட்டிக்காரி. அவள் எங்கே போகிறாள், யாரிடம் பேசுகிறாள் என்று நான் விசாரிப்பது வழக்கம். அக்கறை உள்ளவன் விசாரிக்கத்தானே செய்வான். ஒருநாள் துணிமணியை எடுத்து வைத்துக்கொண்டு, “உங்ககூட இருந்தா எனக்கு மூச்சு முட்டுதுங்க” என்றாள். சண்டை இல்லை, வேறு ஆள் இல்லை. வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கினாள். கொஞ்சம் வசதியானதும் மகளை அழைத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மகளை நான் வாலு என்றுதான் கூப்பிடுவேன். மூன்றாம் வகுப்பு. “அம்மா ஏம்ப்பா போனாங்க?” என்று கேட்டுக் கேட்டு அழுதாள், சாப்பிட மறுத்தாள். என்னைப் பிடிக்காமல் போய்விட்டாள் என்று பெற்ற பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது?

“அம்மா நல்லவங்கதான்டா. கண்கட்டி பிடிச்சு வச்சிருக்கான்” என்றேன்.

அழுகை நின்றது. தட்டை இழுத்து வைத்துச் சாப்பிட்டாள். மற்றவர்கள் பிரிந்துபோன மனைவியைப் பற்றிக் குழந்தையிடம் கூசாமல் என்னென்னவோ பேசுவார்கள். நான் ஒரு குறை சொன்னதில்லை, மேடம். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

என் மனைவி போனில் பேசினால் வாலு குழம்பிப்போவாள். “பாசமாத்தானேப்பா பேசுறாங்க?” என்பாள். “அவன் அப்படித்தான் பேச வைப்பான். ஏமாந்துடாதே, கண்ணை மட்டும் பார்க்கவே கூடாது” என்பேன். கதையில் அதுதான் விதி.

சனிக்கிழமைகளில் தாய் வந்து பார்க்கலாம் என்று நீதிமன்றம் அனுமதித்தது. கலர் பென்சிலும் கையுமாக வருவாள். வாலு இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். “அம்மாடா. ஒரே ஒரு தடவை பாருடா” என்று அவள் தரையில் உட்கார்ந்து கெஞ்சுவாள். பிறகு என் பக்கம் திரும்பி, “என்னங்க சொல்லி வச்சிருக்கீங்க பிள்ளைகிட்ட?” என்பாள். நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி நிற்பேன். அவள் அழுதபடி படியிறங்குவதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. கொஞ்சம் இனிக்கவும் செய்தது. இரண்டும் உண்மை.

அப்புறம் தீர்ப்பு வந்தது. பள்ளி விடுமுறையிலிருந்து மகள் தாயிடம் இருக்க வேண்டும். வாலுவிடம் சொன்னேன். நான் வரைந்துகொண்டிருந்த மேசையருகே வந்து நின்றாள்.

“அம்மாவை எப்படிப்பா அவன்கிட்டேருந்து மீட்கிறது?”

“கதையில எப்படி?”

“தலையில அடி படணும். நிஜமாவே தெளிஞ்சிடுமா?”

“தெளிஞ்சிடும்.”

“பலமா படணுமா? வலிக்குமேப்பா.”

“கொஞ்சம் வலிக்கும். அப்புறம் உன்னைக் கட்டிப்பிடிச்சுக்குவாங்க.”

அவள் விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்ததாக நேற்று உங்களிடம் சொன்னேன். அது பொய். என் பேனா அந்தரத்தில் நின்றுவிட்டது, மேடம். விளையாட்டு என்றால் பேனா ஏன் நிற்க வேண்டும்?

அடுத்த சனிக்கிழமை வாலு கண்ணைப் பொத்தவில்லை. கிளம்பும் நேரத்தில் நானே, “அம்மாவைப் படி வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வாடா” என்றேன். அதற்கு முன் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை. மகள் வந்து கையைப் பிடித்ததும் என் மனைவி அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வாசலில் திரும்பிப் பார்த்து, “தேங்க்ஸ்ங்க” என்றாள். அந்த முகத்தை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. அப்போதே கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். கதவருகே நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நான் போனபோது அவள் படிக்கட்டின் திருப்பத்தில் கிடந்தாள். வாலு அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, முதல் தடவையாகக் கண்ணோடு கண் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். “அம்மா, வந்துட்டீங்களா? வந்துட்டீங்களாம்மா?”

பிள்ளை என்ன கேட்கிறாள் என்று அவளுக்குப் புரிந்திருக்க வழியே இல்லை. ஆனாலும், “வந்துட்டேன்டா செல்லம்” என்றாள். அதற்கப்புறம் பேசவில்லை.

கால் தவறி விழுந்தாள் என்றுதான் முதலில் உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். தள்ளியது குழந்தையின் கை. தள்ளியவன் நான். வசியத்தில் இருந்தவர்மீது குற்றம் கிடையாது, என் பிள்ளையின் பெயரை எந்தக் காகிதத்திலும் ஏற்றாதீர்கள். என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்.

பக்கத்து அறையில் அழுகிற சத்தம் எனக்கும் கேட்கிறது. அம்மா தெளிந்த பிறகும் ஏன் எழுந்திருக்கவில்லை என்று உங்கள் ஆட்களைக் கேட்கிறாளாம். அவர்களுக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியாது, மேடம். என்னை ஐந்து நிமிஷம் உள்ளே விடுங்கள். அவளுக்கு ஏற்ற மாதிரி ஏதாவது சொல்லிவிடுகிறேன். நான் சொன்னால் கேட்பாள்.