குளிரூட்டிய கூடத்தில் பலாப்பழ மணம்

அவைக்குத் தலைமை ஏற்றிருப்பவரும், நான் ஒலிவாங்கியைத் தொட்ட நொடியிலிருந்து தம் கைக்கடிகாரத்தைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பவருமான நலச்சங்கத் தலைவர், மதிப்பிற்குரிய திரு. குமாரதாஸ் அவர்களே, மழையையும் மூட்டுவலியையும் பொருட்படுத்தாமல் வந்து முன்வரிசையை முழுமையாக்கியிருக்கும் பெரியோர்களே, முந்திரி ஆலையிலிருந்து கையிலே கறையோடும் கண்ணிலே களைப்போடும் நேரே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பஹ்ரைனிலிருந்து விடுமுறைக்கு வந்து இந்த அவைக்கு அழகு சேர்க்கும் தம்பி ஷிபு அவர்களே, கதவோரம் நின்றால்தான் பேச்சு காதில் விழும் என்று நம்பும் இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் இந்தச் சமூக நலக்கூடத்தின் செயலாளர் ஜெபமணியின் பணிவான மாலை வணக்கம்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, ‘கூடத்துக்குள் மின்சிகரெட் பயன்படுத்துவது பற்றிய புதிய விதிகள்’. ஐந்து நிமிடம் போதும் என்று தலைவர் சொன்னார். ஏன் ஐந்து நிமிடம்? சென்ற ஆண்டு செருப்பு எங்கே கழற்றுவது என்பதற்கே அரை மணி நேரம் தந்தார்களே, இதற்கு ஏன் ஐந்து? எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது.

சந்தேகம் எனக்குத் தொழில், ஐயா. முப்பத்தொரு ஆண்டுகள் அரசுப் பேருந்தில் பயணச்சீட்டுப் பரிசோதகன். தூங்குகிறவனைக் கண்டால் நடிக்கிறானோ என்று சந்தேகம். சிரிக்கிறவனைக் கண்டால் மழுப்புகிறானோ என்று சந்தேகம். சீட்டை நானாகக் கேட்குமுன்னே நீட்டுகிறவனைக் கண்டால், அது நேற்றைய சீட்டோ என்று பெரும் சந்தேகம். ‘செக்கிங் ஜெபமணி’ என்று நீங்கள் முதுகுக்குப் பின்னே சொல்வது எனக்குத் தெரியும். அங்கே யார் சிரிப்பது? சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் என் சந்தேகத்தால் ஒரு மனிதரின் நல்ல பெயர் போயிற்று. அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் இன்று மேடையேறினேன். விதியும் சொல்வேன், வினையும் சொல்வேன்.

சென்ற மே மாதம், இதே கூடத்தில், நம் ஊர்க் கிரேசியின் மகள் லிஜாவுக்குத் திருமணம். கணவனை இழந்தவர் கிரேசி. முந்திரி ஆலையில் பருப்பு தோலுரித்து மகளைப் படிக்க வைத்து, களியக்காவிளையில் நல்ல இடம் பார்த்து முடித்தார். சமையல் யார்? நம் கோலப்பன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் வைத்த அவியலை வழித்துத் தின்னாத விரல் உண்டா? அவர் போளிக்குப் பால்பாயசம் ஊற்றிப் பிசையாத கை உண்டா?

முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டாருக்கு. தம்பி ஷிபு அன்பளிப்பாகத் தந்த இரண்டு குளிரூட்டிகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கதவெல்லாம் சாத்தியாயிற்று, சன்னலெல்லாம் சாத்தியாயிற்று. பருப்பு வந்தது, சாம்பார் வந்தது, புளிசேரி வந்தது, சேமியாப் பாயசமும் வந்தது. அப்போது வந்தது ஐயா, ஒரு மணம். பலாப்பழ மணம். மூக்கைத் தேடி வந்த மணம், பந்தியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்துபோன மணம். மே மாதம், பலாப்பழக் காலம். நம் ஊர் மூக்கு என்ன நினைக்கும்? வேறு எந்த ஊரானாலும் பலாப்பழம் என்று நினைத்துவிட்டுச் சோற்றைத் தின்றிருப்பான். நம்மவர் மூக்கு நேரே பலாப்பழப் பாயசத்துக்கு, நம் சக்கப் பிரதமனுக்குத்தானே போகும்!

எல்லோரும் இலையோடு காத்திருந்தார்கள். பிரதமன் வரவில்லை. மணம் வருகிறது, பிரதமன் வரவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் ஏசுஅடிமை கையை இலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தார். உங்களுக்குத் தெரியாததா? சம்பந்தி வீட்டுப் பெரியவர் பாதிப் பந்தியில் எழுந்தால், அத்தனை பேரும் எழுவார்கள்.

“எங்களுக்குச் சேமியா, ஒங்க ஆளுகளுக்குச் சக்கப் பிரதமனா? எங்கள ஆருன்னு நெனச்சிய?” என்றார்.

கிரேசி ஓடி வந்தார். “அண்ணே, எனக்க மக்களாணை, நான் சக்க வாங்கவே இல்ல. இருங்க அண்ணே” என்று கைகூப்பினார். அந்தக் கூப்பிய கையை நான் பார்த்தேன். பந்தி கலைந்தால் பெண் அந்த வீட்டில் எப்படித் தலைநிமிர்ந்து வாழ்வாள்? எனக்கு நெஞ்சு பதறியது.

பதறிய நெஞ்சோடு என்ன செய்தேன்? பரிசோதகன் அல்லவா, பரிசோதிக்கப் போனேன். சமையற்கூடத்தில் மூடியிருந்த பாத்திரம் எல்லாம் திறந்தேன். அண்டாவைத் திறந்தேன், உருளியைத் திறந்தேன், அரிசிச் சாக்கை அவிழ்த்தேன். கோலப்பன் இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“சக்க வெட்டியிருந்தா கையில பசை இருக்காதா சாரே? தொட்டுப் பாரும்.”

நான் தொட்டுப் பார்க்கவில்லை. அவர் மறுபடியும் சொன்னார்.

“பிரதமன்னா வெல்லம் மணக்கணும், நெய் மணக்கணும், தேங்காப்பால் மணக்கணும். இதுல சக்க மட்டும் தனியா மணக்கு. இது அடுப்புல வச்ச மணம் இல்ல சாரே. எங்கேருந்தோ வருது, பந்திக்குள்ள போய்ப் பாரும்.”

அவையோரே, நாற்பது ஆண்டு அடுப்படியில் நின்ற மூக்கு உண்மையைச் சொல்லியது. முப்பத்தொரு ஆண்டு பேருந்தில் நின்ற மூளை அதை நம்பவில்லை. இவ்வளவு விளக்கம் சொல்கிறவன் எதையோ மறைக்கிறான் என்று நினைத்தேன். அவருடைய துணிப்பையைப் பிடுங்கித் தரையில் கொட்டினேன். ஒரு கைலி, ஒரு வெற்றிலைப் பொதி, வாழையிலையில் கட்டிய நாலு போளி. போதாதா எனக்கு? போளியை எடுத்தவன் பிரதமனை எடுக்கமாட்டானா என்று, அதோ, பத்துப் பேர் நடுவே கேட்டேன்.

பிறகு இதே ஒலிவாங்கியைப் பிடித்தேன். “சம்பந்தி வீட்டாருக்குப் பணிவான அறிவிப்பு. பிரதமனைச் சமையல்காரர் மறைத்துவிட்டார். பெண் வீட்டார்மீது எந்தக் குற்றமும் இல்லை” என்று முழங்கினேன். ஏசுஅடிமை உட்கார்ந்தார். பந்தி உட்கார்ந்தது. கல்யாணம் நின்றது என்று சொல்ல வந்தவர்கள், செக்கிங் ஜெபமணி காப்பாற்றிவிட்டார் என்று சொல்லிக் கைகொடுத்தார்கள். கோலப்பன் சட்டுவத்தைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல், பின்வாசல் வழியாகப் போனார். அதன்பிறகு அவருக்குப் பேசி வைத்திருந்த மூன்று கல்யாணம் கைவிட்டுப் போயிற்று. நம் கூடத்துச் சமையல்காரர் பட்டியலில் அவர் பெயரை அடித்ததும் இந்தக் கைதான்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். ‘நேரமாகிறது, விதிக்கு வரவும்’ என்று எழுதியிருக்கிறது. வருகிறேன் தலைவர் அவர்களே. நேரம்தானா காரணம் என்ற சந்தேகத்தையும் கூடவே அழைத்துக்கொண்டு வருகிறேன்.

மூன்று வாரம் கழித்து, இதே கூடத்தில் நிர்வாகக் குழு கூடியது. மறுபடியும் அதே மணம். அடுப்பு இல்லை, அண்டா இல்லை, கோலப்பன் இல்லை. ஆனால் பலாப்பழம் மணக்கிறது. மேசைக்குக் கீழே குனிந்தேன். தம்பி ஷிபுவின் கையில் தடித்த பேனா மாதிரி ஒன்று. முனையில் நீல விளக்கு எரிகிறது. அவர் சட்டைக் கையிலிருந்து வெள்ளை வெள்ளையாகப் புகை வருகிறது.

“இது என்ன மக்கா?” என்றேன்.

“வேப்பு சார். பொகை இல்ல, வெறும் நீராவி. போர்டுல பீடி, சிகரெட்டு படந்தான போட்டிருக்கு?”

“என்ன மணம் இது?”

“ஜாக்ஃப்ரூட் ஃபிளேவர். அங்க ஒரு மலேசியாக்காரன் கடையில கெடைக்கும்.”

“லிஜா கல்யாணத்திலயும் இதத்தான் வலிச்சியா?”

“வலிச்சேன் சார். ஏசிக்கக் கீழ நின்னு. வெளிய நல்ல வெயிலுல்லா.”

“சண்ட நடக்கும்ப ஏன் சொல்லல்ல?”

“எனக்கெப்பிடித் தெரியும் சார்? நானும் பிரதமன் எங்கன்னுதான் தேடினேன்.”

இந்தப் பதிலை நான் இன்றுவரை முழுதாக நம்பவில்லை. தம்பி கோபித்தாலும் சரி, நம்பவில்லை. அவர் தந்த குளிர்ச்சிக்கு நன்றி உண்டு. ஆனால் அந்தக் குளிர்ச்சிக்காகத்தான் கதவைச் சாத்தினோம். சாத்திய கதவுக்குள் ஒருவர் விட்ட மூச்சை முந்நூறு பேர் இழுத்தோம். கைக்குழந்தை இழுத்தது, கர்ப்பிணி இழுத்தாள், இளைப்பு நோய்க்காரர் இழுத்தார். வெறும் நீராவியாம். வெறும் நீராவி என்றால் இட்லிக் கொப்பரைப் பக்கத்தில் போய் நிற்கலாமே, பஹ்ரைனில் வாங்குவானேன்? அதற்குள் ஊற்றும் திரவக் குப்பியின் அடியில் எறும்பைவிடச் சிறிய எழுத்தில் நிக்கோட்டின் என்று போட்டிருப்பதைக் கண்ணாடி மாட்டி நானே வாசித்தேன். பெரிய எழுத்தில் பழம், சின்ன எழுத்தில் நஞ்சு. இப்படி எழுதுகிறவனை எந்தப் பரிசோதகன் நம்புவான்?

ஆகவே விதி இது. கூடத்துக்குள் எந்த இடத்திலும் வேப்பு என்கிற மின்சிகரெட் கூடாது. பந்தியில் கூடாது, மேடையில் கூடாது, மணப்பெண் அறையில் கூடாது. ‘கழிப்பறையில்?’ என்று கதவோரம் ஒரு குரல் கேட்கிறது. கழிப்பறையில் கண்டிப்பாகக் கூடாது, தம்பி. நீ கேட்டதால் இனி அங்கே நானே வந்து பார்ப்பேன். வேண்டுமென்றால் மதிலுக்கு வெளியே போ. கல்யாண வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லையே என்று வாதாடாதே. கல்யாண நாளில் விருந்தாளியைத் தடுக்க நம் ஊரில் எந்தத் தாய்க்கு நாக்கு எழும்பும்? அவள் சொல்லமாட்டாள் என்பது தெரிந்ததால்தான், நீயாகவே எழுந்து வெளியே போகவேண்டும். அதற்குப் பெயர்தான் மரியாதை.

இந்த விதியை எழுதி முடித்துவிட்டுப் பெருமையோடு கோலப்பன் வீட்டுக்குப் போனேன். “அண்ணாச்சி, உண்மை தெரிஞ்சு போச்சு. அது ஷிபுக்க வேப்பு மணம், மன்னிச்சிரும்” என்றேன். அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எனக்க பையத் தரையில கொட்டிப் பாத்தீரு. அவருக்க பாக்கெட்ட அண்ணைக்கும் தொடல்ல, இண்ணைக்கும் தொடல்ல. அவருகிட்ட மக்கான்னு கேட்டிருப்பீரு, இல்லியா சாரே?”

அவையோரே, மேசைக்குக் கீழே நான் ஷிபுவிடம் எப்படிப் பேசினேன் என்பது அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் கேட்டது சரியாக இருந்தது. நான் எல்லோரையும் சந்தேகிப்பவன் என்று முப்பத்தொரு ஆண்டு பெருமை பேசினேன். பொய். கிழிந்த பையைச் சந்தேகித்தேன். சலவைச் சட்டையைச் சந்தேகித்தேனா? அடுப்படியைச் சந்தேகித்தேன். பளிங்குக் கல்லில் பெயர் பொறித்தவரைச் சந்தேகித்தேனா? நீங்கள் மட்டும் சந்தேகித்தீர்களா? முந்நூறு மூக்கு முகர்ந்ததே, ஒரு மூக்காவது குளிரூட்டிப் பக்கம் திரும்பியதா? ஆகவே விதியில் இன்னொரு வரி சேர்க்கச் சொல்கிறேன். இது எல்லோருக்கும் பொருந்தும், கூடத்துக்குக் கொடை தந்தவருக்கு முதலில் பொருந்தும். தலைவர் அவர்கள் இந்த வரிக்குக் கையெழுத்திடத் தயங்கினால், செயலாளர் பதவியை இங்கேயே இறக்கி வைக்கிறேன்.

தாய்மார்கள் பக்கத்தில் கிரேசி அழுகிறார். இந்தச் சங்கதி சம்பந்தி வீட்டுக்குப் போய்ச் சேருமே என்று அவர் பயப்படுவார் என நினைத்து, காலையில் கேட்கப் போயிருந்தேன். “சொல்லும் சார். அந்தப் போளி நான் பொதிஞ்சு குடுத்தது. அண்ணைக்கு எனக்கு வாய் வரல்ல” என்றார்.

கோலப்பன் உள்ளே வரமாட்டேன் என்றார். வெளியே மிதிவண்டிக் கொட்டகையில், மழைக்கு ஒதுங்கி நிற்கிறார். திரும்பிப் பார்க்காதீர்கள், வேண்டாம். ஒலிபெருக்கி அங்கேயும் கேட்கும் என்று நம்புகிறேன். அடுக்குமொழி இனி வேண்டாம். கோலப்பன் பிரதமனை மறைக்கவில்லை. அப்படி ஒரு பிரதமனே வைக்கப்படவில்லை. போளியை அவர் எடுக்கவில்லை. நான் இந்த மேடையில் நின்று சொன்னது பொய்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், கண்ணீரோடு கேட்ட தாய்மார்க்கும், கடிகாரத்தோடு கேட்ட தலைவருக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன், வணக்கம். கதவோரத் தம்பிகளே, அந்தக் கதவைத் திறந்துவிடுங்கள், குளிர் போனால் போகட்டும்.

அண்ணாச்சி, கேட்டுதா?