புதிய பாதிப்பு

பொருள் வாங்கினால் பில் கேட்டு வாங்க வேண்டும். புத்தூர்க் கடைத்தெருவில் முக்கால்வாசிப் பேர் அதைக்கூடச் செய்வதில்லை. ஏமாந்த பிறகு தலைவிதி என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்கள். நான் அந்த ரகம் இல்லை, சார். தெலுங்கில் வேண்டாம், தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள், சொல்கிறேன்.

கோவர்த்தனன் கடையில் குளியலறைக்கு ஒரு ஹீட்டர் வாங்கினேன். மாட்டிய வாரமே குழாயைத் தொட்டால் ஷாக் அடித்தது. மாற்றித் தரச் சொன்னேன். கோவர்த்தனன் சிரித்த முகக்காரன். அந்தச் சிரிப்பைத் தவிர அவன் கடையில் நல்ல சரக்கு எதுவும் கிடையாது. "கம்பெனி ஆளு வந்துக்கினே கீறாரு சார், குந்துங்க," என்று டீ வாங்கித் தருவான். குடித்துவிட்டு வருவேன். மறுபடி போவேன்.

என் மனைவி கிருபாபாய்க்கு முழங்கால் வலி. அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, நொண்டிக்கொண்டே குளியலறைக்குத் தூக்கிப் போவாள். "யாரையாவது இட்டாந்து ரிப்பேர் பண்ணிடுங்களேன்," என்பாள். ரிப்பேர் செய்தால் ஆதாரம் போய்விடும். அது அவளுக்குப் புரியாது. ஜெபம் பண்ணினால் கோவர்த்தனன் மனம் மாறுவான் என்று நம்பியவள்.

கடைசியில் திருப்பதிக்குப் போய் வக்கீல் யாமினியைப் பார்த்தேன். சின்னப் பெண். பில்லைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள்.

"ரெண்டு வருஷத்துக்குள்ள கேஸ் போட்டிருக்கணும் சார். கடைக்காரன்கிட்ட பேசிக்கினு இருந்தேன்னு சொன்னா, அதுக்காக டைம் நிக்காது."

அந்த டீயின் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. எட்டாம் வகுப்பைத் தாண்டாத ஒருவன் என்னை உட்கார வைத்தே காலாவதி ஆக்கிவிட்டான்.

"இனிமேல் அதனால யாருக்காவது அடிபட்டா?"

"அது புதிய பாதிப்பு. அன்னிலேர்ந்து புதுசா டைம் கிடைக்கும். ஆனா அப்டி ஒண்ணும் ஆவ வேணாம் சார். மொதல்ல அத்த கழட்டுங்க."

சட்டம் படித்தவள், அதன் உபயோகம் தெரியாதவள்.

ஞாயிற்றுக்கிழமை கிருபாபாய் சர்ச்சிலிருந்து வந்ததும், ஆள் வந்து ஹீட்டரை ரிப்பேர் செய்துவிட்டுப் போனதாகச் சொன்னேன்.

"ஸ்தோத்திரம். இப்பவாவது எம்மேல எரக்கம் வந்துச்சே," என்றாள். "நீங்க மொதல்ல குளிங்க."

"நீ போ," என்றேன்.

நானே ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். கேஸ் நடத்துகிறவன் நடமாட்டத்தோடு இருக்க வேண்டும்.

சின்னதாக ஒரு ஷாக், ஒரு டாக்டர் சீட்டு. அவ்வளவுதான் திட்டம். மெயின் ஸ்விட்சில் கை வைத்தபடி வெளியே நின்றேன். "இன்னாங்க" என்று ஒரு தரம் கூப்பிட்டாள். பக்கெட் உருண்டது. ஸ்விட்சை இறக்கப் போனேன். லேசான காயம் என்றால் கோவர்த்தனன் அதையும் சிரித்தே தள்ளிவிடுவான் என்று தோன்றியது. கையை எடுத்துக்கொண்டேன். உள்ளே சத்தம் அடங்கிய பிறகு அணைத்தேன்.

அடக்கத்துக்குக் கோவர்த்தனன் மாலையோடு வந்தான். கல்லறைத் தோட்டத்தில் எல்லோர் முன்னாலும் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "எங்க அம்மா மாதிரி சார் அவங்க," என்றான். மனசாட்சிகூட அவனிடம் வாரண்டி முடிந்த பிறகுதான் வேலை செய்கிறது.

அந்த வாரமே யாமினியிடம் போய், புதிய பாதிப்பு இருக்கிறது, கேஸ் போடலாம் என்றேன். பேனாவைக்கூட எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த கேஸை விட்டுவிட்டு நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். அவள் உருப்பட மாட்டாள்.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என்னைச் சீக்கிரம் ஜாமீனில் விட்டுவிடுங்கள், சார். கோவர்த்தனனைச் சும்மா விடக்கூடாது. கிருபாபாய்க்காக நியாயம் கேட்க என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?