எந்த ஊர் என்று கேட்காத ஜெகதாம்பாள்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவர் சங்கத் தலைவர் அறிவுச்செல்வன் அவர்களே, அம்மையாரின் கணவர் நடராசன் அவர்களே, ஜெயங்கொண்டத்துப் பெருமக்களே, தாய்மார்களே, கனத்த நெஞ்சோடு வணங்குகிறேன்.

மறைந்த மகப்பேறு மருத்துவர் ஜெகதாம்பாள் அம்மையாரைப் புகழ யாரை அழைத்திருக்கிறீர்கள்? அவருக்கு எதிரிலேயே ஆஸ்பத்திரி நடத்தும் இந்தப் பூங்காவனத்தை! போட்டிக்காரியைக் கூப்பிட்டுப் புகழச் சொன்னால் என்ன வரும்? வயிற்றெரிச்சல்தான் வரும்.

கருக்கலைப்புச் சட்டத்தில் மணமானவள், மணமாகாதவள் என்ற பேதம் ஏன் என்று டெல்லிக்கு மனு மேல் மனு போட்டவர் யார்? ஜெகதாம்பாள்! சட்டமே கேட்காத புருஷன் கையெழுத்தை நீங்கள் ஏன் கேட்கிறீர்கள் என்று சங்கக் கூட்டத்தில் எங்களை உலுக்கியவர் யார்? ஜெகதாம்பாள்! நானும் கையெழுத்துக் கேட்பதை நிறுத்தினேன். புது ஸ்கேன் வாங்கினேன், ஏசி போட்டேன். அப்படியும் பூலாம்பாடியிலிருந்து பஸ் ஏறி வரும் பெண் என் வாசலைத் தாண்டி அவரிடமே போனாள். எனக்கு எரியுமா, எரியாதா?

அவர் மறைந்த பிறகு, போன வாரம் ஒரு பெண் என்னிடம் வந்தாள். "ஏம்மா, இத்தன நாளா எதுத்தாப்புலயே போனீங்களே, நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டேவிட்டேன்.

"மொதல்ல உங்ககிட்டதாங்க வந்தேன். முன்னாடி சீட்டு எழுதுற அக்கா, 'வாம்மா, எந்த ஊரு, யாரு வூட்டுப் பொண்ணு?'ன்னு கேட்டாங்க. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. பயந்து போயிட்டேங்க. அந்த டாக்டரம்மாகிட்ட டோக்கன் மட்டுந்தான் குடுத்தாங்க. உள்ள போயி கதவச் சாத்துன பொறவுதான் பேரே கேட்டாங்க" என்றாள்.

எந்த ஊர் என்று கேட்பது நம் பக்கத்து மரியாதை. ரெட்டிபாளையம் என்று அவள் சொன்னால், சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் மச்சானைச் சொல்லி உறவு பிடித்துவிடுவோம். அப்புறம் அவள் தலைநிமிர்ந்து ஊருக்குள் போக முடியுமா? அந்தப் பயத்தில் கண்ட மருந்தையும் குடித்து, ரத்தம் போய்த் தூக்கிவரப்பட்ட பெண்களை நாங்கள் இருவரும் பார்த்திருக்கிறோம். அவருக்குப் புரிந்தது. அதே படிப்புப் படித்த எனக்கு ஏன் தோன்றவில்லை? இந்தப் பொறாமை எனக்கு இன்னும் ஆறவில்லை ஐயா!

அம்மையாரே, நாளை காலை முதல் என் ஆஸ்பத்திரியிலும் டோக்கன்தான். உங்களைத் தேடி வந்து பூட்டிய கதவைப் பார்த்து நிற்கும் எந்தப் பெண்ணையும் திரும்பிப் போக விடமாட்டேன். இது உறுதி.

இந்த மண்டபத்தின் பின்பக்கம், நம் யாருக்கும் முகம் தெரியாத பெண்கள் நிறையப் பேர் உட்கார்ந்து அழுகிறார்கள். நான் செத்தால் இப்படி வருவார்களா?

இப்போது மௌன அஞ்சலி. எல்லோரும் எழுந்து, மேடையைப் பார்த்தபடியே நில்லுங்கள். போக வேண்டியவர்கள் அந்த நேரத்தில் போகட்டும். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.