பேக்கரி அக்கா குன்றை விட்டு இறங்காத பகல்

தலைமை ஏற்றிருக்கும் நகராட்சித் தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் தீயணைப்பு நிலைய அதிகாரி அவர்களே, எங்கள் வானியல் மன்றத்து நண்பர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் நம் அக்காவின் மகளே, கீழ்த்தெருவிலிருந்து திரண்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

மருந்துக்கடைக்காரன் நான். மன்றத்தின் செயலாளர் என்பதால் பேச அழைத்திருக்கிறார்கள். பேசித்தான் ஆக வேண்டும். அன்று நடந்ததில் பாதியைக் கண்ணால் பார்த்தவன், மீதியைக் காதால் கேட்டவன் நான்.

நம் தலைவி, நம் பேக்கரி அக்கா! மாவு பிசைய விடியுமுன் எழுந்தவர், பின்வாசலில் நின்று வானத்தைப் பார்த்துப் பழகினார். அந்தப் பழக்கம்தான் குன்றின்மேல் ஒரு வான்நோக்குக் கூடமாக எழுந்தது. செங்கல் சுமந்தார். தகரக் கூரைக்கு வண்ணம் அடித்தார். கடையில் மிஞ்சிய பன்களைக் கூடையோடு கொண்டுவருவார். பன்னுக்காக வந்து சனிக்கோளைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர்! கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும்.

போன வாரம் உச்சி வெயிலில் குன்றின் பின்பக்கக் காடு பற்றியது. ஸ்கூட்டரில் அக்காவும் ரொட்டி வண்டியில் நானும் மேலே போனோம். பெரிய தொலைநோக்கியின் கண்ணாடியைக் கழற்றி, மாவுச் சாக்கில் சுற்றி ஏற்றினோம். அப்போது கீழிருந்து அதிகாரி போனில் அழைத்தார்.

"புகையில எங்களுக்கு ஒண்ணும் தெரியலம்மா. தீ ஓடையைத் தாண்டுதான்னு மேலேருந்து பார்த்துச் சொல்றீங்களா? தாண்டினா அடுத்த நொடியே இறங்கிடணும்."

அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, நீ வண்டியை எடு. கண்ணாடி பத்திரம்."

"நீங்க?"

"ஸ்கூட்டர் நிக்குதில்ல? பின்னாடியே வர்றேன்."

நான் கீழே வந்து அதிகாரியின் பக்கத்தில் நின்றேன். அவர் போனை எல்லோரும் கேட்கும்படி வைத்திருந்தார். அக்காவின் குரல் வந்தது. "சின்னத் தொலைநோக்கியைக் கூடத்து மேல்மாடத்துல வச்சிருக்கேன் சார். இதுல எல்லாம் தலைகீழாத்தான் தெரியும். தீ வானத்துலேருந்து தொங்கிக்கிட்டு வருது."

அதிகாரி லேசாகச் சிரித்தார். அதன்பிறகு அங்கே யாரும் சிரிக்கவில்லை.

"ஓடையைத் தாண்டிடுச்சு! கீழ்த்தெருப் பக்கம் திரும்புது. எல்லாரையும் கிளப்புங்க!"

"நீங்க இறங்குங்கம்மா!"

"இறங்கிக்கிட்டேதான் இருக்கேன்."

இறங்கினாரா? சற்று நேரத்தில் மறுபடி அதே குரல். "கடைசிச் சந்துல பச்சை வீடு. மொட்டை மாடியில ஒரு பொண்ணு துணியை ஆட்டுது. ஓடுங்க!"

குன்றுப் பாதையிலிருந்து அந்த மொட்டை மாடி தெரியுமா? தெரியாது! கூடத்தின் மாடத்தில் நின்றால் மட்டுமே தெரியும்.

"அக்கா, பொய் சொல்றீங்க!" என்று கத்தினேன்.

"ஆமாப்பா. திட்டுறதை அப்புறம் திட்டு. அந்தப் பொண்ண மொதல்ல பாரு."

நடக்க முடியாத தகப்பனை விட்டுவிட்டு ஓட மனமில்லாமல் நின்ற பெண் அவள். இருவரையும் தூக்கி வந்தார்கள். இதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார்கள். போனில் அதன்பின் இருமல்தான் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. தீயணைப்பு வீரர்கள் மேலே போனபோது அக்கா ஸ்கூட்டர் அருகே கிடந்தார். நெருப்பு தொடவில்லை. புகைதான் கொண்டுபோனது. சாவி கையிலேயே இருந்தது.

கூடம் கருகிய சுவரோடு நிற்கிறது. கீழ்த்தெரு நிற்கிறது. ஆனால் தீ செத்துவிட்டதா? இல்லை, அன்பர்களே! மண்ணுக்கடியில் வேர்களுக்குள் கனன்றுகொண்டிருக்கிறது என்கிறார் அதிகாரி. கோடை இன்னும் பாதிகூடக் கழியவில்லை.

மனைவியின் இரங்கல் கூட்டத்துக்குக் கணவர் வரவில்லையே என்று வாசலில் சிலர் முணுமுணுத்தீர்கள். இன்று காலை அவர் என் கடைக்கு வந்தார். "அவ நின்ன இடத்துல ஆள் இருக்கணும். மொத முறை எனக்குக் குடுங்க" என்றார். இப்போது அவர் அந்த மாடத்தில்தான் இருக்கிறார். மழை விழும் வரை முறை வைத்துக் காவல் இருப்போம் என்று எங்கள் மன்றம் இங்கே உறுதி கூறுகிறது. நாளை என் முறை. அதற்கு மறுநாள்...

சற்றுப் பொறுங்கள். அதிகாரிக்கு அழைப்பு வந்திருக்கிறது.

அன்பர்களே, பதறாமல் கேளுங்கள். மேலிருந்து அக்காவின் கணவர்தான் பேசினார். ஓடைக்கு இந்தப் பக்கம் புகை எழுகிறது. காற்று நம்மை நோக்கி அடிக்கிறது.

எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தும்படி நான் உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய நேரம் இது. எழுந்திருங்கள். ஆனால் நிற்க வேண்டாம். கீழ்த்தெருக்காரர்கள் முதலில், அந்தப் பெரியவரின் நாற்காலிக்கு நான்கு பேர் கை கொடுங்கள். மகளே, உன் அப்பாவுக்குப் போன் போடு. இறங்கிவிட்டேன் என்று சொன்னால் நம்பாதே. நான் மேலே போகிறேன்.