ஜப்பான்காரனுக்கு ஒரு தேங்காய்

மலேசியாவின் லுக்குட் ஊர் மளிகைக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள் ஒரு சாக்கு நிறையத் தேங்காய் வைத்திருந்தார்.

"வீட்டுல கல்யாணமாக்கா?" என்றாள் அவருக்குத் தெரிந்த, வயதில் இளையவள் ஒருத்தி.

"இல்ல லா. ஜப்பான்காரனுக்கு ஒன்னு, பிரேசில்காரனுக்கு ரெண்டு..."

"என்னக்கா சொல்றீங்க?"

"எம்மவ டெங்கி ஆராய்ச்சி பண்ணிக் கட்டுரை எழுதுனால்ல. அதைப் படிச்சிட்டு யாரு அவங்க கட்டுரையில இவ பேரைப் போட்டாலும் தடவைக்கு ஒரு தேங்கா உடைக்கிறேன்னு தோட்டத்து முனியாண்டிக்கு வேண்டிக்கிட்டேன். மிஞ்சிப் போனா நாலு பேருன்னு நெனச்சேன். இப்ப நாடு நாடா போடுறானுங்க! தோட்டத்துல எல்லா வீட்லயும் தெனம் தேங்கா சட்னிதான்."

இளையவள் சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள். "அவளே அவ பேரைப் போட்டுக்கிட்டா?"

"போட்டிருக்காளே! புதுக் கட்டுரையில அவளோட பழசையே மூணு தடவ எடுத்துச் சொல்லியிருக்கா."

"அதுக்கும் நீங்கதான் உடைக்கணுமா?"

"நானா? அதை நீயே வந்து உடைன்னுட்டேன். தீபாவளிக்குக்கூட லேப்பை விட்டு வராதவ, சனிக்கிழம பஸ் ஏறுறாளாம்."

அம்மாள் கடைக்காரரிடம் திரும்பினார்.

"தவுக்கே, இன்னும் மூணு போடுங்க. நல்லாப் பெருசாப் பாத்து."